ஆசையாக வாங்கிய துணி, வெட்டத்தான் மனம் வரவில்லை

பாபின்காலி

தையல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். என் அலமாரியின் மேல்தட்டில் மூன்று துணிகள் நான்கு வருடமாகத் தூங்குகின்றன. ஒன்று பின்லாந்து நிறுவனமான மாரிமெக்கோவின் உனிக்கோ என்கிற வடிவம். அந்தப் பெரிய சிவப்புப் பாப்பிப் பூ, கெட்டிப் பருத்தி, 3 மீட்டர். இரண்டாவது லண்டன் லிபர்ட்டி கடையின் தானா லான் என்கிற மெல்லிசுப் பருத்தி, பொடிப்பூ போட்டது, 2 மீட்டர். மூன்றாவது ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் ஸ்ட்ராபெரி தீஃப், பறவைகள் பழம் திருடுமே, அது. 1 மீட்டர்தான் இருக்கிறது. எல்லாம் காசு சேர்த்து வாங்கியவை. மாதம் ஒரு முறை எடுத்து விரித்துப் பார்ப்பேன், தடவிக் கொடுப்பேன், அதே மடிப்பில் மடித்து வைத்துவிடுவேன். கத்தரிக்கோலை எடுத்தால் கை பின்வாங்குகிறது.

தையல் ஓரளவு தெரியும். தலையணை உறை, பை, டாட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பு) இல்லாத நேர்வெட்டு மேல்சட்டை வரை வந்திருக்கிறேன். பட்டன் துளைக்கான காஜா இன்னும் கோணல்தான். இந்த மூன்றிலும் என்ன தைக்கலாம்? துவைத்துவிட்டு வெட்டுவதா, அப்படியே வெட்டுவதா?

இரவுத்தையல்

நான்கு வருடம்தானா! என்னிடம் ஒன்பது வருடத் துணி ஒன்று இருக்கிறது. மகளுக்கு ஃபிராக் தைக்க வாங்கியது. இப்போது அதில் அவளுக்கு ஒரு கைகூட வராது.

அதே மடிப்பில் மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் வெளுத்து ஒரு கோடு நிற்கும், அயர்ன் பண்ணினாலும் போகாது. எனக்கு அப்படி ஒரு கோடு துணியின் நட்டநடுவில் விழுந்தது. இனிமேல் சுருட்டி வையுங்கள். அதைவிட, வெட்டிவிடுங்கள்.

கத்தரிமுனை

என்ன தைக்கலாம் என்று நம்மைக் கேட்பதற்கு முன் துணியைக் கேளுங்கள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் ஆறடி தள்ளி நில்லுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற பொடிப்பூ, தள்ளி நின்றால் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். அது உடுப்புக்கான துணி, எங்கே வெட்டினாலும் தாங்கும். பெரிய பூ தள்ளி நின்றாலும் பூவாகவே இருக்கும். அதை வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பூ பாதியாகும். தோள் வெட்டு, கழுத்து வெட்டு, டாட், பட்டி என்று போட்டால் கடைசியில் சிவப்புத் திட்டுகள்தான் மிஞ்சும், பாப்பி இருக்காது.

அதனால் என் கணக்கு இது. உனிக்கோ திரைச்சீலைக்கு, அல்லது ஒரே துண்டாகச் சுவரில் மாட்ட. லான் உடுப்புக்கு மட்டும். அதில் குஷன் உறை தைக்கவே தைக்காதீர்கள், அவ்வளவு மெல்லிசுத் துணி தினமும் உட்காரும் இடத்தில் எத்தனை நாள் தாங்கும்? மாரிஸ் 1 மீட்டருக்கு இரண்டு குஷன் உறை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஊசிக்காது

கத்தரிமுனை அக்கா, உனிக்கோ விஷயத்தில் மட்டும் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். பெரிய பூவை உடம்பில் போடக் கூடாது என்றால் மாரிமெக்கோ என்கிற நிறுவனமே இருந்திருக்காது. ஆர்மி ராட்டியா 1951-இல் பின்லாந்தில் அதைத் தொடங்கியபோதே இந்த மாதிரிப் பெரிய அச்சுகளை உடுப்பாகத்தான் காட்டினார். 1960-இல் ஜாக்குலின் கென்னடி அவர்களுடைய கவுன்களை மொத்தமாக வாங்கினார். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அந்த வருடக் கடைசியில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் வந்தார்.

உனிக்கோவின் கதை இன்னும் வேடிக்கை. பூ வடிவம் போட மாட்டோம், பூ செடியில்தான் அழகு என்கிற மாதிரி ஆர்மி ராட்டியா அறிவித்திருந்தார். அங்கே வடிவமைப்பாளராக இருந்த மைய்யா இசோலா அதைக் கேட்டுவிட்டு 1964-இல் வரைந்ததுதான் இந்தப் பாப்பி. முதலாளி வேண்டாம் என்ற பூவே இன்று அந்த நிறுவனத்தின் முகம்.

ரகசியம் பூவின் அளவில் இல்லை, வெட்டில் இருக்கிறது. அந்தக் கவுன்களைப் பாருங்கள்: இடுப்பில் பிடிப்பு இல்லை, டாட் இல்லை. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே வீச்சு. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. துணி சுவரில் தொங்குகிற மாதிரிதான் ஆள் மேலும் தொங்கும்.

கத்தரிமுனை

சரி, டாட் இல்லாமல் கீழே போகப் போக விரியும் ஏ-லைன் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டும்போது இரண்டு பூ நெஞ்சில் அக்கம்பக்கமாக உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று இடது தோள், ஒன்று வலது இடுப்பு என்று கோணலாக இறங்கட்டும். பின்பக்கமும் அப்படித்தான், உட்காரும் இடத்தின் நடுவில் பூ வந்தால் ஊரே சிரிக்கும்.

திரைமறைவு

திரைச்சீலைக்கு 3 மீட்டர் போதும் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வடிவம் திரும்ப வரும் தூரத்தை முதலில் அளக்க வேண்டும். ஒரு பூவின் காம்பு நுனியில் குண்டூசி குத்துங்கள். நேர்கீழே அதே காம்பு, அதே கோணத்தில் மறுபடி வரும் இடத்தில் இன்னொரு குண்டூசி. நடுவில் உள்ளதுதான் அந்தத் தூரம். சில துணிகளில் பக்கத்து வரிசை பாதி தூரம் கீழே இறங்கி வரும். அப்படியானால் ஜோடி சேர்ப்பது இன்னும் சிக்கல்.

நான் தைத்த திரையின் கணக்கைச் சொல்கிறேன். தைத்து முடித்த நீளம் 210 செ.மீ. மேலே 10, கீழே 15 மடிப்பு. ஆக 235. அந்தத் துணியில் வடிவம் 64 செ.மீ.க்கு ஒரு முறை வந்தது. இரண்டு திரைகளிலும் பூக்கள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்றால் 235-இல் வெட்ட முடியாது, 64-இன் மடங்கில் வெட்ட வேண்டும். நான்கு மடங்கு, 256. ஒவ்வொரு துண்டிலும் 21 செ.மீ. கூடுதல். ஜன்னலுக்கு நான்கு துண்டு தேவைப்பட்டதால் 84 செ.மீ. கணக்குக்கு வெளியே போனது. முதல் முறை இது தெரியாமல் 9 மீட்டர் 40 மட்டும் வாங்கிவிட்டு நாலாவது துண்டுக்குத் துணியில்லாமல் நின்றேன்.

அகலமும் கவனம். கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது துணி இருந்தால்தான் திரை மடிப்பு மடிப்பாக விழும். பெரிய வடிவத்துக்கு நான் ஒன்றரையோடு நிறுத்திக்கொள்வேன், அதிகம் மடிந்தால் பூவே மடிப்புக்குள் போய்விடும். 3 மீட்டரில் ஒரு சின்ன ஜன்னல் அல்லது ஒரு கதவு. அவ்வளவுதான்.

ஒட்டுத்துணி

துவைப்பது பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும், தளர்ந்த நெசவு என்றால் இன்னும் கொஞ்சம். 210 செ.மீ. திரையில் அது 10 செ.மீ. வரை போகும். தரையைத் தொட வேண்டிய திரை கணுக்காலில் நிற்கும். அதனால் உடுப்போ திரையோ, பின்னால் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒரு முறை முன்னால் துவைத்துவிடுங்கள். வெட்டிய இரண்டு முனைகளிலும் ஜிக்ஜாக் அடித்துவிட்டுத் துவைத்தால் பிசிறு பந்து பந்தாக வராது. பின்னால் வைத்துத் தைக்கும் லைனிங் துணியையும் கூடவே துவையுங்கள். அது தனியாகச் சுருங்கினால் திரை வயிறு தள்ளி நிற்கும்.

ஆனால் க்வில்ட் (துண்டுகளை ஒட்டிப் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும்போது நான் துவைப்பதில்லை. எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டுத் துவைத்தால் தையலைச் சுற்றிச் சுருங்கி, பாட்டி வீட்டுப் போர்வை மாதிரி ஒரு சுருக்கம் வரும். எனக்கு அது பிடிக்கும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டியே விற்பதைத் துவைக்கவே கூடாது, நாலு பக்கமும் பிரிந்து அளவே மாறிவிடும்.

இரவுத்தையல்

சிவப்புக்கு வினிகரும் உப்பும் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று என் மாமியார் சொல்வார். செய்யலாமா?

ஒட்டுத்துணி

செய்தால் குளியலறையில் ஊறுகாய் வாசனை வரும், வேறொன்றும் நடக்காது. உப்பு சாயம் ஏற்றும் வேலைக்கு உதவும், சாயம் நூலை நோக்கிப் போவதற்கு. ஏறி முடிந்த சாயத்தை வீட்டில் உப்புப் போட்டு இறுக்க முடியாது. சாயம் போகிற துணியில் வெளியே வருவது நூலில் ஒட்டாமல் தங்கிவிட்ட மிச்சச் சாயம். அது வெளியே போகத்தான் வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, சிவப்பின் மேல் வைத்து, சூடான அயர்னால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் ரோஸ் ஏறினால் தனியாக இரண்டு மூன்று முறை அலசுங்கள், நீர் தெளியும்வரை.

பாபின்காலி

வெள்ளைத் துணியில் லேசான ரோஸ் வந்தது. இரண்டு அலசலில் நின்றுவிட்டது. துணி 3 மீட்டரிலிருந்து 2 மீட்டர் 89 ஆகிவிட்டது, அளந்தபோது நெஞ்சு பதைத்தது. தைத்த பிறகு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சமாதானம் ஆனேன்.

இன்னும் வெட்டவில்லை. வெட்டாமலே கம்பியில் கிளிப் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு வாரம் பார்க்கப் போகிறேன்.

கத்தரிமுனை

அது புத்திசாலித்தனம். பகலில் வெளியிலிருந்து வெளிச்சம் அடிக்கும்போதும் பாருங்கள்.

காஜா

லான் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் சட்டை தைக்கிறேன். வேறு துணி தொட்டே நாளாகிறது. பெயரில் வரும் தானா என்பது எத்தியோப்பியாவில் இருக்கும் ஏரியின் பெயர். பருத்திதான் என்று சத்தியம் செய்தாலும் பட்டு மாதிரி வழுக்கும், ஆனால் பட்டு மாதிரி முரண்டு பிடிக்காது. அதைவிடத் தைக்கச் சுகமான துணி இல்லை.

ஊசிதான் முக்கியம். மெஷினில் ஏற்கெனவே இருக்கும் 90 நம்பரோடு ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த எண் ஊசியின் தடிமன், 90 என்றால் 0.9 மி.மீ. லானுக்கு 70 போதும், 60 இருந்தால் இன்னும் நல்லது, அதுவும் புது ஊசியாக. முனை மழுங்கிய ஊசி நெருக்கமான நெசவில் நூலை இழுத்து நெட்டுக்கு ஒரு கோடு போட்டுவிடும். தையலைப் பிரித்தாலும் துளை மறையாது. குண்டூசியும் மெல்லிசாக இருக்கட்டும். அதையும் தையல் கோட்டுக்கு வெளியே, வெட்டு ஓரத்தில் மட்டும் குத்துங்கள். தையல் நீளம் 2 மி.மீ.

உள்தையலுக்கு, பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் வேண்டாம், இந்தத் துணியில் முரட்டு நூல் தெரியும். பிரெஞ்சு தையல் போடுங்கள். 1.5 செ.மீ. விட்டு வெட்டியிருந்தால், முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து 0.5 செ.மீ.யில் ஒரு தையல். அதை 3 மி.மீ.க்கு நறுக்கி, திருப்பி, அயர்ன் செய்து, உள்ளே 1 செ.மீ.யில் இன்னொரு தையல். பிசிறு எல்லாம் உள்ளே மூடிக்கொள்ளும். காலருக்கு ஒட்டும் கேன்வாஸ் வைக்கும்போது ஒரு துண்டில் ஒட்டிப் பாருங்கள். வெளிர் நிறத் துணியில் சில கேன்வாஸ் நிழலாகத் தெரியும்.

அப்புறம் பாக்கெட். முன்பக்கத்தை வெட்டி முடித்துவிட்டு, மீதித் துணியை அதன் மேல் நகர்த்தி நகர்த்திப் பூவோடு பூ சேரும் இடத்தில் பாக்கெட்டை வெட்டுங்கள். நான் பாக்கெட் அளவுக்கு டிரேசிங் தாள் வெட்டி, சட்டையில் வரும் பூக்களை அதில் பென்சிலால் வரைந்துகொள்வேன். அந்தத் தாளைத் துணியில் வைத்து அதே பூக்களைத் தேடினால் போதும். தையலுக்கு மடிக்கும் 1 செ.மீ.யைச் சேர்த்து வெட்ட மறக்காதீர்கள். பாக்கெட் இருக்கிறதே தெரியக் கூடாது. அதுதான் பரீட்சை.

இரவுத்தையல்

என் பரீட்சையில் நான் பறவைகளைத் தலைகீழாக நிற்க வைத்தேன். இதே ஸ்ட்ராபெரி தீஃப்தான். ஒரு ஸ்கர்ட். துணியை மிச்சப்படுத்த முன்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாகவும் வைத்து வெட்டினேன். போட்டுக்கொண்டு திரும்பினால் பின்னால் எல்லாப் பறவைகளும் வௌவால்கள். கேட்டவர்களிடம் வேண்டுமென்றே செய்தது என்றேன். யாரும் நம்பவில்லை.

ஊசிக்காது

வௌவால் ஸ்கர்ட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

அந்தப் பறவைகள் நிஜத் திருடர்கள். இங்கிலாந்தில் மாரிஸின் கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் பழத்தைத் தின்றுவிட்டுப் போன த்ரஷ் பறவைகள். 1883-இல் அதை அச்சிட்ட முறையும் சுலபம் இல்லை. துணி முழுக்க நீலச் சாயத்தில் முக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை வெளுக்க வைத்து, அந்த இடங்களில் மற்ற நிறங்களை ஏற்ற வேண்டும். நாட்கணக்கில் இழுக்கும் வேலை. இன்று நாம் வாங்குவது நவீன அச்சு, பயப்படாமல் வெட்டலாம்.

குஷனுக்கு ஒரு வசதி உண்டு. அந்த வடிவம் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல இருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து உறையின் நட்டநடுவில் வைத்தால் ஜோடிப் பறவைகள் எதிரெதிரே உட்காரும். கோடு 1 செ.மீ. விலகினாலும் கண்ணுக்கு உறுத்தும்.

திரைமறைவு

45 செ.மீ. குஷனுக்கு உறையும் 45-க்கே வெட்டுங்கள், தையல் போக 43 வரும். சற்று இறுக்கமாக இருந்தால்தான் மூலைகள் தொங்காது. பின்பக்கம் ஜிப் வேண்டாம் என்றால் 45க்கு 32 அளவில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஓரம் 3 செ.மீ. மடிப்பு. ஒன்றன் மேல் ஒன்று 13 செ.மீ. ஏறி உட்காரும், வாய் பிளக்காது. பின்பக்கத்துக்கு மாரிஸ் துணியை வீணாக்க வேண்டாம், வெறும் நீல லினன் போதும்.

ஒட்டுத்துணி

நூல் நிறத்துக்குக் குழம்பினால் துணிக்கரையைப் பாருங்கள். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைத்து அச்சிடும் துணிகளில் பெரும்பாலும் வரிசையாகக் கலர் பொட்டுகள் இருக்கும், ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு பொட்டு. பூவுக்குள் கலந்து கிடக்கும் நிறங்கள் அங்கே தனித்தனியாக நிற்கும். அந்தக் கரைத் துண்டை வெட்டிக் கையோடு எடுத்துப் போனால் நூலும் பைப்பிங்கும் பொருத்துவது சுலபம். நான் பொட்டுக் கரைகளை எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பாபின்காலி

ஒரு வாரம் முடிந்தது. உனிக்கோ ஜன்னலுக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ராணி மாதிரி இருக்கிறது. பகலில் பின்னாலிருந்து வெயில் அடித்தால் சிவப்பு மங்கி, பூக்கள் நிழல் மாதிரி ஆகிவிடுகின்றன. லைனிங் போட்டால் சரியாகும், தெரியும். ஆனால் அதற்குள் அதை இரண்டு முறை உடம்பில் சுற்றிப் பார்த்துவிட்டேன். ஊசிக்காது சொன்ன கவுன்தான்.

ஒரு சந்தேகம். துணியை நேராக மடித்தால் இழை நேராக வருகிறது, பூ வரிசை கொஞ்சம் சரிந்து நிற்கிறது. மூன்று விரல் அளவு. எதை நம்புவது?

கத்தரிமுனை

அச்சு இழைக்குக் கோணலாக விழுந்திருக்கிறது. துணி ஈரமாக இருக்கும்போது எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் சரியாகும். மூன்று விரல் முழுக்கச் சரியாகாது. திரை என்றால் கண் அச்சைத்தான் பார்க்கும், அச்சுக்கு நேராக வெட்டச் சொல்வேன். உடுப்பில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையை விட்டுக்கொடுத்தால் துவைக்கத் துவைக்க ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். உனிக்கோவில் பூக்கள் வரிசை கட்டி நிற்பதில்லை, சரிவை யார் கண்டுபிடிப்பார்கள்? இழையை நம்பி வெட்டுங்கள். கோடு போட்ட துணி என்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒன்று கேளுங்கள். பழைய போர்வையில் முதலில் அந்தக் கவுனைத் தைத்துப் போட்டுப் பாருங்கள். தோள் இறக்கம், கைக்குழி எல்லாம் அதில் திருத்திக்கொள்ளலாம். நல்ல துணியில் பயம் வருவது வெட்டுவதால் இல்லை, அளவு சரியா என்று தெரியாததால்.

இரவுத்தையல்

பழைய போர்வையில் தைத்ததையே நான் இரண்டு வருடம் வீட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். நிஜத் துணி இன்னும் அலமாரியில்.

பாபின்காலி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

போர்வைக் கவுனில் கைக்குழி இறுக்கம், 1.5 செ.மீ. இறக்கினேன். பிறகு உனிக்கோ. தரையில் விரித்து, ஒரு பூ இடது தோளில், ஒன்று வலது தொடையில் வரும்படி காகித மாதிரியை நகர்த்தவே ஒரு மணி நேரம் ஆனது. முதல் வெட்டு போட்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். 90 நம்பர் ஊசி, சுலபமாகத் தைத்தது. இடது பக்கத் தையலில் பூ சேரவில்லை. கையைத் தூக்கினால்தான் தெரியும், நான் தூக்கப் போவதில்லை.

குஷன் ஒன்று முடிந்தது. பறவைகள் நேராக, தலை மேலே. இரண்டாவதற்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன்.

லான் சட்டை நேற்று இரவு முடிந்தது. காஜா ஐந்தில் மூன்று நேர், இரண்டு கோணல், கோணல் இரண்டும் கீழே. பாக்கெட்டுக்கு டிரேசிங் தாள் முறைதான். காலையில் போட்டுக்கொண்டேன். பஸ் டிக்கெட்டை வைக்கப் பாக்கெட்டைத் தடவினேன், கிடைக்கவில்லை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

காஜா

பாஸ்.